கும்பினித் துப்பாக்கியா, கடைத்தெருத் துப்பாக்கியா?

பழைய கைத்துப்பாக்கி அசலா போலியா என்று கேட்டு எனக்குப் படம் அனுப்புகிறவர்கள் எல்லோரும் ஒரே இடத்தைத்தான் படம் பிடிக்கிறார்கள்: முத்திரையை. ஒரு கிரீடம் தெரியும், 'டவர்' என்ற ஆங்கில எழுத்து தெரியும், சில நேரம் ஓர் ஆண்டும் தெரியும். கீழே, "இது போதுமா சார்?" என்று ஒரு வரி. போதாது. ஒரு துப்பாக்கியில் மிகச் சுலபமாகப் பொய் சொல்லக்கூடிய இடம் முத்திரைதான். குழல் செய்ய உலை வேண்டும், வில் செய்ய டெம்பர் (எஃகைப் பதமாக்குவது) தெரிந்த கை வேண்டும். முத்திரைக்கு 'பஞ்ச்' என்கிற எஃகு அச்சு ஒன்றும் ஒரு சுத்தியலும் இருந்தால் ஆயிற்று.

நான் வரலாறு படித்தவன் அல்ல. அம்பத்தூரில் டூல் ரூம் வேலையில் தலை நரைத்தவன். எஃகில் எழுத்து வெட்டுவது, பஞ்ச் அடிப்பது, அரத்தால் பிசிறு எடுப்பது இவைதான் என் பிழைப்பாக இருந்தன. எழும்பூர் அருங்காட்சியகத்திலும் புனித ஜார்ஜ் கோட்டை அருங்காட்சியகத்திலும் ஆயுதங்கள் இருக்கும் கூடத்தில் நின்றால் எனக்கு முதலில் தெரிவது போர்கள் அல்ல. அரம் ஓடிய தடம். அந்தக் கண்ணோடுதான் இந்தப் பித்துக்குள் நுழைந்தேன்.

இந்தக் கட்டுரைக்குக் காரணம் நண்பர் ஒருவரின் வீட்டில் இருக்கும் கைத்துப்பாக்கி. அவருடைய தாத்தா இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் ராணுவக் கணக்குப் பிரிவில் எழுத்தராகப் பெஷாவரில் இருந்தவர். அங்கே கடைத்தெருவில் வாங்கி வந்தாராம். தீக்கல் வைத்துச் சுடும் பழைய வகை. விற்றவன் சொன்ன கதையும் கூடவே வந்திருக்கிறது: 1842 ஜனவரியில் காபூலிலிருந்து பின்வாங்கி அழிந்துபோன கும்பினிப் படையின் (கிழக்கிந்தியக் கம்பெனியைத்தான் அப்படிச் சொல்வார்கள்) அதிகாரி ஒருவரின் இடுப்பில் இருந்ததாம். அந்தப் பின்வாங்கல் நடந்தது உண்மை. அந்தப் படை பெரும்பாலும் அழிந்துபோனது என்பதும் உண்மை. ஆனால் பெஷாவர் கடைத்தெருவில் விற்ற எல்லாப் பொருளும் அந்தப் பனியில் விழுந்த அதிகாரிகளுடையது என்றால், இறந்தவர்கள் ஆளுக்குப் பத்துத் துப்பாக்கி சுமந்திருக்க வேண்டும்.

முத்திரைக்குப் போகும் முன் ஒரு வேலை உண்டு. அதைச் செய்யாமல் எந்தப் பழைய துப்பாக்கியையும் கையில் எடுத்துத் திருப்பிப் பார்க்கக் கூடாது. வாய் வழியாக மருந்து போடும் துப்பாக்கிகளில் நூறு ஆண்டுக்கு முன் போட்ட மருந்தும் குண்டும் அப்படியே உள்ளே இருக்கலாம். கறுப்பு மருந்து கெட்டுப்போகாது. காய்ந்திருந்தால் இன்றும் பற்றும். ஒரு மெல்லிய மரக்குச்சியைக் குழலுக்குள் அடிவரை விட்டு, வாயருகே பென்சிலால் கோடு போட வேண்டும். குச்சியை வெளியே எடுத்து, கோடு வாயருகே வரும்படி குழலின் மேல் வைத்துப் பார்த்தால் அதன் நுனி தீத்துளை (மருந்துக்குத் தீ போகும் துளை) வரை எட்ட வேண்டும். ஓர் அங்குலம் முன்னாலேயே நின்றால் உள்ளே ஏதோ இருக்கிறது என்று பொருள். நண்பருடையது காலி. பல வருடங்களாக அவர் வீட்டுப் பிள்ளைகள் அதை வைத்து விளையாடியிருக்கிறார்கள் என்பதைப் பிறகுதான் சொன்னார்.

இனி முத்திரைகள். அந்தக் காலத்து ஆங்கிலேயத் துப்பாக்கிகளை இரண்டு முதலாளிகளின் சொத்தாகப் பிரித்துக்கொண்டால் பாதிக் குழப்பம் தீரும். ஒருவர் அரசர், இன்னொருவர் கும்பினி. அரசரின் துப்பாக்கி லண்டன் டவர் கோட்டையின் ஆயுத வாரியத்தைச் சேர்ந்தது. லாக் (தீப்பொறி எழுப்பிச் சுட வைக்கும் விசை அமைப்பு) தகட்டின் பின்பக்கத்தில் 'டவர்' என்ற சொல், நடுவில் கிரீடமும் அதன் கீழே அரசரின் பெயரெழுத்துகளும், மருந்துக் கிண்ணியின் அடியில் அரசுச் சொத்தைக் குறிக்கும் அகன்ற அம்பு. கிழக்கிந்தியக் கம்பெனி தன் துப்பாக்கிகளைத் தானே லண்டன் தொழிலாளிகளிடம் கொடுத்துச் செய்வித்து, தன் ஆட்களை வைத்தே சோதித்தும் வாங்கியது. 1709-இல் இரண்டு கம்பெனிகள் ஒன்றாக இணைந்த பிறகு அதன் அடையாளம் நான்காகப் பிரித்த ஓர் இதய வடிவம். நான்கு பிரிவிலும் வி, இ, ஐ, சி என்ற எழுத்துகள். மேலே நான்கு என்ற எண்ணைப் போன்ற ஒரு குறி. மிளகு மூட்டையிலும் துணிப் பொதியிலும் போட்ட அதே குறியைத்தான் துப்பாக்கியிலும் வெட்டினார்கள். 1808 வாக்கில் இதயம் போய், முன்னங்கால்களில் கிரீடத்தை ஏந்தி நிற்கும் சிங்கம் வந்தது.

ஆண்டு எழுத்து ஒரு நல்ல பொறி. டவர் கோட்டை 1764-லேயே லாக் தகட்டில் ஆண்டையும் செய்தவர் பெயரையும் போடுவதை நிறுத்திவிட்டது. கும்பினியோ செய்தவர் பெயரையும் ஆண்டையும் அதன் பிறகும் போட்டுக்கொண்டிருந்தது. ஆகவே மூன்றாம் ஜார்ஜ் அரசரின் எழுத்துகளோடு 'டவர் 1805' என்று தீக்கல் துப்பாக்கியில் கண்டால் நான் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு மறுபடி பார்ப்பேன். டவர் தகட்டில் ஆண்டு போடுவது, தீக்கல்லுக்குப் பதில் சிறிய வெடித் தொப்பியைத் தட்டிச் சுடும் தொப்பித் துப்பாக்கிகளின் காலத்தில்தான் மீண்டும் வந்தது. விக்டோரியா 1837-இல் பட்டத்துக்கு வந்தார். அடுத்த சில ஆண்டுகளிலேயே பிரிட்டிஷ் ராணுவம் தீக்கல்லைக் கைவிட்டுத் தொப்பி வெடிக்கு மாறத் தொடங்கிவிட்டது. எனவே விக்டோரியாவின் எழுத்தும் 1867 என்ற ஆண்டும் உள்ள தீக்கல் துப்பாக்கி என்றால், செய்தவருக்குக் காலக்கணக்கு பற்றிக் கவலை இல்லை என்று பொருள். விக்டோரியா 1901 ஜனவரியில் இறந்துவிட்டார். அதற்குப் பிந்தைய ஆண்டோடு அவர் பெயரெழுத்தைத் தாங்கிய துப்பாக்கிகளும் சந்தையில் உலவுகின்றன.

குழலின் மேல் இருக்கும் சோதனை முத்திரைகளை யாரும் படம் எடுத்து அனுப்புவதில்லை. அளவுக்கு மேல் மருந்து போட்டு வெடித்துப் பார்த்து, குழல் தாங்கினால் அடிக்கிற முத்திரை அது. லண்டனில் 1637-இல் சாசனம் பெற்ற துப்பாக்கித் தொழிலாளர் சங்கம் கிரீடத்தின் கீழ் ஜி, பி என்ற எழுத்துகளையும், கண்ணால் பார்த்துச் சோதித்ததற்குக் கிரீடத்தின் கீழ் வி என்ற எழுத்தையும் அடித்தது. பர்மிங்காம் சோதனைச் சாலை 1813-இல் சட்டம் போட்டு அமைக்கப்பட்டது. அதன் குறி, குறுக்கே வைத்த இரண்டு செங்கோல்களுக்கு இடையில் பி, பி, சி (B, P, C). லாக் தகட்டில் 1790களின் கும்பினி இதயம் இருக்க, குழலில் 1813-க்குப் பிந்தைய பர்மிங்காம் குறி இருந்தால் இரண்டும் ஒன்றாகப் பிறந்தவை அல்ல. இதற்கு லென்ஸ்கூட வேண்டாம்.

போலி செய்வதில் பேர் பெற்ற ஊர் பெஷாவருக்கும் கோஹாட்டுக்கும் இடையில் இருக்கும் தாரா ஆதம் கேல். 19ஆம் நூற்றாண்டின் இறுதியிலிருந்து அங்கே வீட்டுக்கு வீடு துப்பாக்கிப் பட்டறை. அந்தக் கைவினைஞர்களைப் போலிக்காரர்கள் என்று ஒரே சொல்லில் தள்ள எனக்கு மனம் வருவதில்லை. கடைசல் இயந்திரம் இல்லாமல், கை அரத்தாலும் கையால் சுற்றும் துளைக்கருவியாலும் என்பீல்டு துப்பாக்கியை அப்படியே பிரதி எடுத்த கைகள் அவை. ஆனால் ஆங்கில எழுத்தை அவர்கள் எழுத்தாகப் பார்க்கவில்லை, கோலமாகப் பார்த்தார்கள். அதனால் N என்ற எழுத்தின் சாய்கோடு இடவலம் மாறிவிடும், சொல்லில் ஓர் எழுத்து காணாமல் போகும், அம்பு மீன்முள்ளாகும். பின்னாளில் ஆப்கானிஸ்தானுக்கு வந்த அமெரிக்கச் சிப்பாய்கள் முகாம்களுக்கு அருகே இருந்த சந்தைகளில் இப்படிப்பட்டவற்றை நினைவுப்பொருளாக வாங்கினார்கள். 1898-க்குள் செய்ததாக இருந்தால் அமெரிக்கச் சட்டப்படி அது பழம்பொருள்; வாங்குகிறவர் விரும்பும் ஆண்டை அடித்துக் கொடுக்கப் பட்டறைக்காரருக்கு என்ன கஷ்டம்?

சுவரில் மாட்டுவதற்கென்றே ஜப்பானிலும் ஸ்பெயினிலும் வார்த்த 'டவர்' துப்பாக்கிகள் இன்னொரு வகை. காந்தத்தை வைத்தால் ஒட்டாது, துத்தநாகம். அவற்றைப் பற்றிப் பேச ஒன்றுமில்லை.

நண்பரின் துப்பாக்கிக்கு வருகிறேன். குழலின் மேல் 'லண்டன்' என்று இருந்தது. அதில் இரண்டு N எழுத்துகளுமே இடவலம் மாறியிருந்தன. அதற்கு முன்னால் ஒரு கிரீடம். கொதிக்கும் எண்ணெயில் உப்பிய பூரியைப் போல இருந்தது அது. நண்பரின் முகம் சுருங்கிவிட்டது. "அப்படியென்றால் போலிதானே?" என்றார். லாக் தகட்டைப் பார்த்த பிறகு சொல்கிறேன் என்றேன். அங்கேதான் இதயம் இருந்தது. பின்பக்கத்தில் ஒரு பெயரின் கடைசி மூன்று எழுத்துகள்: இ, டி, டி (ETT). அதன் கீழே பதினேழு, ஒன்பது, அதற்கடுத்த எண் தேய்ந்து போயிருந்தது.

பத்து மடங்கு பெருக்கும் லென்ஸை வைத்து அந்த இதயத்தை வெயிலில் சாய்த்துப் பார்த்தேன். இங்கே கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அசலும் போலியும் பிரிவது பெரும்பாலும் இந்த அரை அங்குல இடத்தில்தான். எழுத்து முதலில் வந்து துரு பிறகு வந்திருந்தால், துருவின் குழி எழுத்தின் கோட்டுக்குள் இறங்கி, கரையைத் தின்று, மறுபக்கம் ஏறியிருக்கும். கோடு சில இடங்களில் குழிக்குள் தொலைந்துபோகும். துரு முதலில் வந்து எழுத்து பிறகு வந்திருந்தால், வெட்டிய கோடு குழியைக் குறுக்கே அறுத்துக்கொண்டு போகும். கோட்டின் அடி சுத்தமாக இருக்கும், கரையில் விரல் நகத்துக்குத் தட்டுப்படும் பிசிறு நிற்கும். அமிலம் ஊற்றிப் பழசாக்கினாலும் இந்த வரிசையை மாற்ற முடியாது. வேண்டுமானால் பிசிறை மழுக்கலாம், அவ்வளவுதான். இன்னொன்று, இதயம் பஞ்ச் அடித்ததா உளியால் வெட்டியதா என்பது. பஞ்ச் அடித்தால் உலோகம் நசுங்கிப் பக்கத்தில் மேடாகும், எல்லாக் கோடும் ஒரே ஆழத்தில் இருக்கும். செதுக்குளியால் வெட்டினால் கோடு மெல்லத் தொடங்கி நடுவில் பருத்து மெலிந்து முடியும். நண்பரின் தகட்டில் இருந்தது உளி வேலை. இதயத்தின் வலது வளைவைத் துருக்குழி ஒன்று விழுங்கியிருந்தது. சி எழுத்தின் வால் அந்தக் குழிக்குள் இறங்கிக் காணாமல் போயிருந்தது.

குழலில் கதை வேறு. 'லண்டன்' பஞ்ச் வைத்து அடிக்கப்பட்டது, அதுவும் ஓர் எழுத்து ஒரு பக்கம் சாய்ந்தும் அடுத்த எழுத்து மறுபக்கம் சாய்ந்தும்.

பிறகு லாக்கைக் கழற்றினோம். இதைத் தெரிந்தவர்கள் செய்வது நல்லது. பொருந்தாத திருப்புளியால் பழைய திருகாணியின் பள்ளத்தைக் கிழித்துவிட்டால் அந்தத் தழும்பு என்றென்றைக்கும் இருக்கும். அந்தக் காலத்துப் பள்ளம் மிகக் குறுகியது, இன்றைய திருப்புளியின் நுனியைத் தேய்த்து மெலிதாக்கித்தான் நான் வைத்திருக்கிறேன். உட்பக்கத்தைத் திறந்ததும் எனக்குச் சந்தேகம் தீர்ந்தது. வெளியே யாரும் பார்க்காத இடத்தில் அவ்வளவு நேர்த்தியான வேலை. பெரிய வில் ஒரே சீராக மெலிந்து போயிருந்தது. தீக்கல்லைப் பிடித்து அடிக்கும் சுத்தியலைத் தாங்கும் சக்கரத்தில் பாதி இழுப்புக்கு ஒரு வெட்டு, முழு இழுப்புக்கு ஒரு வெட்டு. விளிம்புகள் இன்னும் கூர். தகட்டின் உட்புறத்தில் லாக் செய்தவரின் இரண்டு எழுத்துகள் சிறிதாக அடிக்கப்பட்டிருந்தன. ஒவ்வொரு திருகாணியின் அடியிலும் அரத்தால் இழுத்த கீறல்கள்: ஒன்றில் ஒரு கீறல், அடுத்ததில் இரண்டு, அதற்கடுத்ததில் மூன்று. மரை கையால் வெட்டப்பட்ட காலத்தில் ஒரு திருகாணி தன் துளைக்கு மட்டும்தான் பொருந்தும். கலந்துவிட்டால் மீண்டும் பூட்ட முடியாது. தொழிலாளி தனக்காகப் போட்ட குறி அது. வாங்குகிறவரை ஏமாற்ற யாரும் அந்த இடத்தில் சிரமப்படுவதில்லை.

சுத்தியல் மட்டும் பின்னால் மாற்றியது. கிண்ணியை மூடி நிற்கும் எஃகுத் தட்டு அசல். அதன் முகத்தில் தீக்கல் உரசிய நீளக்கோடுகள் ஆழமாக இருந்தன. தட்டு அவ்வளவு தேய்ந்திருக்க, கல்லைப் பிடிக்கும் தாடை புதுக்கருக்கு அழியாமல் இருந்தால் இரண்டும் ஒரே வயது என்று எப்படி ஒப்புக்கொள்வது?

குழலைக் கட்டையிலிருந்து தூக்கிக் கவிழ்த்துப் பார்த்தோம். லண்டனில் சோதித்த குழலானால் பின்முனையின் மேலே சோதனை முத்திரைகளும், பெரும்பாலும் அடியில் குழல் செய்தவரின் எழுத்தும் இருக்கும். இங்கே மேலேயும் இல்லை, கீழேயும் இல்லை. அடியில் தகட்டைச் சுருட்டி உலையில் ஒட்டிய மூட்டு தலைமயிர் அளவுக்குக் கோடாகத் தெரிந்தது. வாயின் விட்டமும் ஒரு பக்கம் கொஞ்சம் அகலம். கும்பினிக் குதிரைப்படைக் கைத்துப்பாக்கியின் குழல் ஒன்பது அங்குலம் அளவில், குதிரை வீரரின் குட்டைத் துப்பாக்கியான கார்பைனுக்குப் போடும் அதே குண்டு பொருந்தும்படி இருக்கும்; வழியில் குண்டு தீர்ந்தால் ஒருவர் பையிலிருந்து இன்னொருவர் எடுத்துப் போடுவதற்காக. இந்தக் குழல் அந்தக் கணக்குக்குள் வரவில்லை.

மரம் அக்ரூட். அதை வைத்து எதுவும் முடிவு செய்யக் கூடாது. இங்கிலாந்திலும் அக்ரூட், எல்லைப்புற மலைகளிலும் அக்ரூட். பார்க்க வேண்டியது லாக் உட்காரும் குழி. ஆங்கிலேயத் தொழிலாளி வெட்டிய குழியில் தகடு அமர்ந்தால் காகிதம்கூட நுழையாது. இங்கே தகட்டைச் சுற்றி இடைவெளி. அதில் கறுப்பு அரக்கு ஊற்றி அடைத்திருந்தார்கள். கட்டையை வெட்டியவர் கையில் லாக் முன்பே தயாராக இருந்திருக்கிறது. அதற்காகத்தான் துப்பாக்கியையே செய்திருக்கிறார்.

இதில் அதிசயம் ஒன்றும் இல்லை. ஆப்கானியரின் நீளக் குழல் ஜஸாயில் துப்பாக்கிகளைப் பாருங்கள். குழலும் வளைந்த கட்டையும் உள்ளூர், லாக் மட்டும் கும்பினி முத்திரையோடு. நல்ல லாக் செய்வதுதான் கடினம், அதனால் போரில் கிடைத்ததையும் சந்தையில் வந்ததையும் எடுத்து வைத்துக்கொண்டார்கள். பிறகு அதற்கு மதிப்பு ஏறவும் அதன் முத்திரையையும் போலியாக அடிக்கத் தொடங்கினார்கள். ஆகவே எல்லைப்புறத் துப்பாக்கியில் கும்பினி இதயத்தைக் கண்டால் அது அசலாகவும் இருக்கலாம், பிரதியாகவும் இருக்கலாம்.

முத்திரைகள் ஒன்றுக்கொன்று முரண்பட்டால் உடனே போலி என்று தீர்ப்பு எழுதுகிறவர்களிடமும் எனக்குச் சண்டை உண்டு. 1793-இல் பிரான்சுடன் போர் மூண்டபோது அரசரின் கையிருப்பு போதவில்லை. கும்பினி தன் படைகளுக்காகச் செய்துவைத்திருந்த ஆயிரக்கணக்கான துப்பாக்கிகளை ஆயுத வாரியம் வாங்கிக்கொண்டது. சில ஆண்டுகளில் கும்பினியின் மாதிரியையே அரசருக்கும் மாதிரியாக ஏற்றுக்கொண்டது. 'இந்தியா மாதிரி' என்ற பெயர் அப்படி வந்ததுதான். கும்பினிக் குறியும் அரசரின் அம்பும் ஒரே துப்பாக்கியில் சேர்ந்திருக்க நேர்மையான காரணம் உண்டு. சமஸ்தானங்களின் கிடங்குகளில் கட்டை மாற்றியதும், தீக்கல்லைத் தொப்பி வெடியாக மாற்றியதும் சாதாரணம். பின்னால் விலை ஏறியதும் தொப்பி வெடியை மறுபடி தீக்கல்லாக மாற்றி விற்கிறவர்களும் இருக்கிறார்கள். தகட்டில் அடைத்த பழைய துளைகள், தீத்துளையில் புதிதாகச் செருகிய உருளை, கிண்ணியைச் சுற்றி மருந்து எரிந்து அரித்த தடம் இல்லாமை ஆகியவை அதைக் காட்டிக்கொடுக்கும்.

சட்டம் பற்றிக் கேட்காதவர் இல்லை. நம் ஆயுதச் சட்டம் 1959, பழைய மாதிரியாகவோ பழம்பொருள் மதிப்புள்ளதாகவோ இருந்து, பழுது பார்த்தாலும் சுட முடியாத ஆயுதத்துக்குத்தான் விலக்குத் தருகிறது. பழசு என்பதாலேயே விலக்கு இல்லை. நூறாண்டு கடந்த பொருள் என்றால் 1972-இன் தொல்பொருள் சட்டமும் வரும். தனியார் அதை வெளிநாட்டுக்கு அனுப்ப முடியாது. நண்பர் வீட்டில் தாத்தா காலத்திலிருந்தே உரிமத்தில் ஏற்றிப் புதுப்பித்து வந்திருக்கிறார்கள். பரம்பரைப் பொருள் கையில் இருப்பவர்கள் எனக்குப் படம் அனுப்பும் முன் ஒரு வழக்கறிஞரைப் பார்க்கலாம்.

நண்பரின் மகன் புளியும் சாம்பலும் போட்டுத் தேய்க்கட்டுமா என்று கேட்டான். பித்தளைப் பகுதியில் கூடாது என்றேன்; இரும்பில் கூடவே கூடாது. முத்திரையில் மிச்சமிருக்கும் கோடுகள் காகிதக் கனம்தான், நாலு தீபாவளிக்குத் தேய்த்தால் இதயமே இருக்காது. செந்துருவை மட்டும் எண்ணெயில் ஊறவைத்து, மர ஈர்க்கால் சுரண்டி எடுத்துவிட்டு, மெழுகு பூசினால் போதும். தோல் உறையில் போட்டு வைக்கக் கூடாது. தோலைப் பதப்படுத்திய உப்பும் அமிலமும் இரும்பைத் தின்னும்.

நண்பர் கேட்டபடி ஒரு தாளில் எழுதிக் கொடுத்தேன்: லாக், கிழக்கிந்தியக் கம்பெனி, 1790கள், லண்டன் வேலை, மிச்சமிருக்கும் மூன்று எழுத்தை வைத்துப் பார்த்தால் பார்னெட் (Barnett) குடும்பத்துப் பட்டறையாக இருக்க வாய்ப்பு; சுத்தியல், பிற்காலத்தியது; குழலும் கட்டையும், வடமேற்கு எல்லைப்புறம், 19ஆம் நூற்றாண்டின் இறுதிக்கும் 1940களுக்கும் இடையில். படித்துவிட்டு, "காபூல் அதிகாரியை எங்கேயும் காணோமே?" என்றார். லாக் வேண்டுமானால் காபூல் போயிருக்கலாம், அதிகாரியின் இடுப்பில் இந்தக் குழல் இருந்திருக்க முடியாது என்றேன். அதையும் எழுதித் தரச் சொன்னார். மதுரையில் இருக்கும் அவருடைய சித்தப்பா நம்ப மாட்டாராம்.